நாலாவது கொடிக்கு மார்க்

எங்கள் கட்டடத்தில் அவளை எல்லோரும் சர்வே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அவள் தங்கச்சி மாதிரி. கூடப் பிறந்தவள் இல்லை. மூன்றாம் மாடியில் பதினாறு வருஷமாக எதிரெதிர்க் கதவு, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் கதவு திறந்தால் அவள் வீட்டு அடுப்பு தெரியும். அவள் வீட்டில் குக்கர் எத்தனை விசில் போட்டது என்று என் வீட்டுக்காரி இங்கிருந்தே சொல்வாள்.

சர்வே அக்காவின் வேலை உலகத்து நாடுகளுக்கு மார்க் வாங்குவது. வருஷத்துக்கு ஒரு முறை பேப்பரில் போடுகிறார்களே, உலகத்திலேயே நல்ல பேர் எடுத்த நாடுகள், முதல் இடம் எது, இரண்டாம் இடம் எது என்று. அந்த லிஸ்ட் எங்கேயோ பெரிய மூளைக்காரர்கள் உட்கார்ந்து யோசித்துப் போடுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இல்லை. இவளைப் போல ஊர் ஊருக்கு நூறு பேர் செருப்பு தேய மாடி ஏறி, கதவைத் தட்டி, சமையல் வேலையில் இருக்கிறவளையும் தூங்கி எழுந்தவனையும் கேட்டு வாங்கிப் போகிற மார்க் அது.

அவள் தோள்பையில் ஒரு அட்டை இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டது. அதில் இருபது கொடிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு கொடிக்கும் முதலில் ஒரு கேள்வி: இந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இல்லை என்றால் அடுத்த கொடிக்குப் போய்விடலாம். ஆமாம் என்றால் ஆறு கேள்வி. ஒன்றிலிருந்து ஏழு வரைக்கும் மார்க். ஏழு என்றால் ரொம்ப நல்லது.

முதல் மாடி டெய்லர் சொன்ன பதிலை எங்கள் கட்டடமே சொல்லிச் சிரிக்கும்.

"ஜப்பானா? கண்ண மூடிட்டு ஏழு போடு. என் மெஷின் எங்கப்பா காலத்துல அங்கேர்ந்து வந்தது. என்னைவிட நல்லா ஓடுது."

"ஸ்விட்சர்லாந்துங்க?"

"ஏழு. காலண்டர்ல பார்த்திருக்கேன். குப்பையே இல்ல."

"நார்வே கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"கேள்விப்பட்டதே இல்லையே. பேரே வெளிய வரலைன்னா சண்டை சச்சரவு இல்லாத நாடாத்தான் இருக்கும். ஏழு."

"கேள்விப்படலைன்னா மார்க் போட முடியாதுங்க."

"அப்போ கேள்விப்பட்டேன்னு போட்டுக்க. பாவம், அந்த நாட்டை ஏன் விடணும்?"

கடைசிக் கொடி நம் சொந்தக் கொடி. அதற்கு வரும்போது பாதிப் பேர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வருவார்களாம். இரண்டாம் மாடியில் கவர்மென்ட் ஆபீஸ் கிளார்க் ஒருத்தர். அவர், "இதுல பேர் போகுமா?" என்று கேட்டார். போகாதுங்க என்றாள். "அப்போ மூணு. பேர் போகும்னா ஏழு போட்டிருப்பேன்" என்றார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவள் சிரிக்கக் கூடாது. தலை ஆட்டக் கூடாது. நல்லா சொன்னீங்க என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. அது ஆபீஸ் ரூல். கேட்கிறவள் முகத்தைப் பார்த்து ஜனங்கள் பதிலை மாற்றிவிடுவார்களாம். அதனால் அந்த நேரத்தில் அவள் முகம் கழுவிக் கவிழ்த்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். சிரிப்பை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து சாயங்காலம் எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது சிரிப்பாள். என் வீட்டுக்காரி டீ கொண்டுவந்து கொடுப்பாள். "இன்னிக்கு எந்த நாடு ஜெயிச்சுது?" என்று கேட்பாள்.

நாலாவது கொடியைப் பற்றி மட்டும் அவள் பேசமாட்டாள்.

அந்த நாட்டின் பெயரை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. அதனால் நானும் இங்கே எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்த நாடுதான். லிஸ்டில் எப்போதும் மேலே இருக்கும். அவள் வீட்டுக்காரர் அங்கே உயரமான கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்கப் போனவர். இரண்டு வருஷத்துக்குப் போனார். பதினாலாவது மாதம் இருபத்திரண்டாம் மாடியிலிருந்து விழுந்தார். உடம்பு வந்துசேர நாற்பத்தோரு நாள் ஆனது. கூடவே ஒரு காகிதம் வந்தது. அதில் காரணம் என்ற இடத்தில் நாலு கட்டம் போட்டு, ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். தொழிலாளியின் சொந்தக் கவனக்குறைவு. பாதுகாப்பு பெல்ட்டைக் கழற்றிவிட்டாராம்.

நான் லிஃப்ட் மெக்கானிக், முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் குழிக்குள் தொங்கினவன். பெல்ட் போட்டுப் பழகினவன் உயரத்தில் அதைக் கழற்றமாட்டான். கழற்றச் சொன்னாலும் கை வராது. பெல்ட் இருந்து கொக்கி மாட்டக் கயிறு இல்லாவிட்டால்தான் ஆள் விழுவான். கூட வேலை பார்த்த ஒருத்தன் பிறகு போன் செய்து அதையேதான் சொன்னான், கயிறு இல்லை என்று. அவன் சொன்னது எந்தக் காகிதத்திலும் ஏறவில்லை. ஒரு பெண் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எங்கெங்கேயோ எழுதிப் பார்த்தாள். பதில் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். அழகான தாளில், தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம் என்று. கீழே அந்தக் கொடி.

அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். கிடைத்தது இது. வீட்டுக்கு வேறு வருமானம் இல்லை. முதல் நாள் ஆபீஸில் அட்டையைக் கையில் கொடுத்தபோது நாலாவது இடத்தில் அது இருந்திருக்கிறது.

எப்படிச் சமாளித்தாள் என்று எனக்கு ரொம்ப நாள் தெரியாது. ஒரு நாள் அவளே சொன்னாள். அப்போதெல்லாம் காகித ஃபாரம். மூன்றாவது நாட்டை முடித்துவிட்டு ஐந்தாவதுக்குப் போய்விடுவாளாம். நாலாவதைக் கேட்கவே மாட்டாள். வெளியே வந்து படிக்கட்டில் நின்று, 'கேள்விப்படவில்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவாள். பதினோரு வருஷம் இப்படி. உலகமே தெரிந்து வைத்திருக்கிற நாட்டை எங்கள் ஏரியாவில் ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது என்று எங்கேயோ கம்ப்யூட்டரில் ஏறிக்கொண்டே இருந்தது.

"தப்புத்தான் அண்ணே" என்றாள். "ஆனா அந்தப் பேரைச் சொல்லி, அவங்க ஏழுங்கறதை என் கையால எழுதி... வாய் வரல. மத்தபடி ஒரு ஃபாரத்துல ஒரு மார்க் நான் மாத்தினது இல்ல. ஒண்ணு போட்டிருக்கலாம். யாரு பார்க்கப் போறா? போடல."

அது நிஜம். அவள் அப்படிப்பட்டவள்தான்.

பிறகு காகிதம் போய் டேப், அதாவது டேப்லெட் கம்ப்யூட்டர், வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சிலேட்டு அளவு இருக்கும். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அதுவே சொல்லும். வீட்டில் யாரைக் கேட்க வேண்டும் என்றும் அதுவே சொல்லும். யாருக்குப் பிறந்த நாள் முதலில் வரப்போகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். பேசுவது முழுக்க அதில் பதிவாகும். ஒரு மாதத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மகளைவிட நாலு வயசுதான் பெரியவர்.

"ஏம்மா, உங்க ஏரியாவுல டிவி இல்லையா? கரன்ட் கனெக்‌ஷனே இல்லையா?"

"இருக்குங்க."

"அப்புறம் எப்படி அந்த ஒரு நாடு மட்டும் யாருக்கும் தெரியல? ரெக்கார்டிங் கேட்டேன். நீங்க அதைப் படிக்கவே இல்ல. கைதான் போகுது."

அவள் காரணம் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேலைக்கே லாயக்கில்லை என்று எழுதிவிடுவார்கள், சொந்த விருப்பு வெறுப்பு உள்ள ஆள் என்று. சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அடுத்த சுற்றில் முதல் வீட்டுப் பதிவை மேலிடம் முழுசாகக் கேட்கும் என்றார். ஒரு கேள்வி விட்டாலோ, குரல் தடுமாறினாலோ, நடுவில் நின்றாலோ டேப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியதுதான் என்றும் சொன்னார். மகளுக்குக் கடைசி வருஷப் படிப்பு பாக்கி இருந்தது. நாற்பத்தெட்டு வயசில் வேறு வேலைக்கு எங்கே போய் நிற்பது?

அந்தச் சுற்றில் டேப் முதலில் காட்டிய வீடு என் வீடு.

அதற்கு ஒன்பது நாள் முன்னால் எனக்குப் பேத்தி பிறந்திருந்தாள். முதல் பேத்தி. என் மகள் கல்யாணமாகிப் போனது நாலாவது கொடி நாட்டுக்கு. போகும்போது நான் சர்வே அக்காவிடம் ஊர் பேர் சொல்லவில்லை, வெளிநாடு என்று மட்டும் சொன்னேன். அவளும் கேட்கவில்லை. பெட்டி கட்டும்போது வந்து உட்கார்ந்து துணியெல்லாம் மடித்துக் கொடுத்தாள். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கத் தெரியாதவளா அவள்? பேத்தி பிறந்த அன்று நான் கட்டடம் முழுக்கச் சாக்லேட் கொடுத்தேன். படியேறவே தெரியவில்லை, கால் தானாகப் போனது. அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கட்டும் அண்ணே" என்றாள். போட்டோவைக் காட்டினேன். ஆஸ்பத்திரித் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். துணியின் ஓரத்தில் சின்னதாக அந்தக் கொடி. அதையும் பார்த்தாள். "மூக்கு உங்களை மாதிரி" என்றாள்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியிருந்தேன்.

காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினாள். தோள்பை, அட்டை, டேப் எல்லாம் இருந்தது. உள்ளே வரவில்லை. டேப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டு, இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றாள்.

"அண்ணே, பதினாறு வருஷத்துல உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல."

"கேளேன்மா."

"நாலாவதுக்கு வரும்போது கேள்விப்பட்டிருக்கீங்களான்னு கேப்பேன். இல்லன்னு சொல்லிடுங்க. பேரை ஒரு தடவை சொல்லிடுவேன், அது முடியும். அந்த ஆறு கேள்வி என்னால முடியாது. நீங்க இல்லன்னா அதுவே தாண்டிடும். இந்த முதல் வீடு தாண்டினாப் போதும்."

"ஏம்மா, இது ஒரு பெரிய விஷயமா? எனக்கு அந்த நாடு எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது, போ. உள்ள வா."

மனசாரத்தான் சொன்னேன். அதில் சந்தேகம் வேண்டாம்.

உள்ளே வந்து உட்கார்ந்தாள். வீட்டில் இரண்டு பேர், நானும் என் வீட்டுக்காரியும். பிறந்த நாள் கேட்டாள். என் வீட்டுக்காரிக்குப் போன மாதம் போய்விட்டது. எனக்கு அடுத்த வாரம். எனக்கு அது பிறந்த நாளே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் தேதி குறித்து வைக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கிளார்க் ஒருத்தர், "ஏதாவது போடணுமேப்பா" என்று அன்றைய தேதியையே போட்டுவிட்டார். அந்தத் தேதிதான் அன்றைக்கு என்னை உட்கார வைத்தது.

பொத்தானை அமுக்கினாள். முகம் தட்டு மாதிரி ஆனது.

"வணக்கம் சார். உலக நாடுகளைப் பற்றி உங்கள் கருத்தைத் தெரிந்துகொள்ள வந்திருக்கிறோம்."

என்னைப் பார்த்து சார் என்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று போயிற்று. ஜப்பானுக்கு நானும் ஏழுதான் கொடுத்தேன், லிஃப்ட் மோட்டார் நினைப்பில். பிறகு அவள் ஒரு தரம் மூச்சை இழுத்து, அந்தப் பெயரைச் சொன்னாள். சுத்தமாகச் சொன்னாள்.

"இந்த நாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. எதிர்ச் சுவரில் பேத்தி இருந்தாள். பிறந்து ஒன்பது நாள். காலையில்தான் போனில் கொட்டாவி விடுவதைப் பார்த்திருந்தேன். அவள் பிறந்த மண்ணை, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே தெரியாது என்று எப்படிச் சொல்வது? அவளையே தெரியாது என்று சொல்கிற மாதிரி இருந்தது. பச்சைக் குழந்தை. அபசகுனம் மாதிரி பட்டது. இதெல்லாம் இப்போது சொல்கிற சமாதானம். அப்போது நடந்தது இவ்வளவுதான்.

"தெரியும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறையில் என் வீட்டுக்காரி பாத்திரம் வைக்கிற சத்தம் நின்றது. டேப்பில் ஆறு கேள்வியும் திறந்துகொண்டிருக்கும்.  பிறகு படித்தாள்.

"இந்த நாடு நேர்மையாக ஆளப்படுகிறது. எத்தனை மார்க் கொடுப்பீர்கள்?"

"ஏழு."

"இந்த நாட்டுப் பொருட்கள் தரமானவை."

"ஏழு."

"இந்த நாட்டு மக்கள் அன்பானவர்கள்."

பிரசவத்தின்போது நர்ஸ் என் மகள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். "ஏழு" என்றேன்.

"இந்த நாடு சுற்றிப் பார்க்கத் தகுந்தது."

"ஏழு."

"ஒரு குழந்தை வளர்வதற்கு இந்த நாடு நல்ல இடம்."

இதற்கு நான் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். "ஏழும்மா. எட்டு இருந்தா எட்டு" என்றேன்.

"ஏழு என்று எடுத்துக்கொள்கிறேன் சார்" என்றாள். ஒரு பிசிறு இல்லை.

கடைசிக் கேள்வி.

"வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களை இந்த நாடு பாதுகாப்போடும் மரியாதையோடும் நடத்துகிறது."

அப்போதுதான் எனக்கு நான் யார், எதிரில் இருப்பது யார் என்று உறைத்தது. ஒன்று என்று சொல்லலாம். எனக்குத் தெரிந்த ஒரே ஆளை அந்த நாடு எப்படி நடத்தியது என்று எனக்குத் தெரியும், கயிறு உட்பட. ஆனால் என் மருமகனும் வெளியிலிருந்து போனவன்தான். அவனுக்கு நாற்காலி, ஏசி, பிள்ளை பிறந்ததற்கு லீவு. நான் யோசித்தேன். அவள் காத்திருந்தாள். உதவக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. ரூல்.

"ஆறு" என்றேன்.

ஒரு மார்க் குறைத்தேன். இருபத்திரண்டாம் மாடியிலிருந்து விழுந்தவனுக்காக நான் கொடுத்தது அந்த ஒரு மார்க்.

"ஆறு என்று சொன்னீர்கள். சரிதானே சார்?"

"சரி."

விரலால் தொட்டாள். ஐந்தாவது நாட்டுக்குப் போனாள். மிச்சம் பதினாறு நாட்டையும் முடித்து, உங்கள் நேரத்துக்கு நன்றி சார் என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை நிறுத்தினாள். அட்டையைப் பையில் வைத்தாள். டீ ஆறிப்போயிருந்தது. குடிக்கவில்லை. அடுத்த வீடு இருக்கிறது என்று போய்விட்டாள்.

கதவு சாத்தினதும் என் வீட்டுக்காரி வந்து நின்றாள்.

"ஒரு வார்த்தைங்க. ஒரே ஒரு வார்த்தை. எனக்குப் பேத்தி இல்லையா அவ? நான் சொல்லியிருக்க மாட்டேனா இல்லைன்னு? உங்களுக்குக் கிளார்க் போட்ட தேதிக்குப் பதிலா என் தேதி வந்திருக்கக் கூடாதா?"

ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டினேன்.

சாயங்காலம் அவள் வாசற்படிக்கு வரவில்லை. நான்தான் எதிர்க் கதவைத் தட்டினேன். மகள் திறந்தாள். பின்னால் அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா தங்கச்சி, அந்தக் கடைசி மார்க்கை மாத்த முடியுமா? ஒண்ணுன்னு போட்டுடேன். எல்லாத்தையும் ஒண்ணுன்னு போட்டுடு. நான் சொன்னதா."

"மாத்தினா தெரிஞ்சிடும். வேலை போயிடும்."

"நான் ஆபீஸுக்கு வந்து சொல்றேன், தெரியாம சொல்லிட்டேன்னு."

கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க சொன்னது பொய்யா?"

யோசித்துப் பார்த்தேன். பொய் இல்லை.

"அப்புறம் என்ன? இருக்கட்டும்" என்றாள்.

வேலை போகவில்லை. அதில் எந்தக் குறையும் இல்லை. மேலிடத்தில் அந்தப் பதிவைக் கேட்டு ரொம்பப் பாராட்டினார்களாம். ஒரு வார்த்தை கூடுதலும் இல்லை, ஒரு வார்த்தை குறைவும் இல்லை, குரலில் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்வே இல்லை என்று. நாலு மாதத்தில் அவளை மாடி ஏறும் வேலையிலிருந்து எடுத்து, புதிதாகச் சேருகிற பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்துவிட்டார்கள். இப்போது நாற்காலியில் உட்கார்ந்த வேலை. மகள் படிப்பை முடித்துவிட்டாள்.

வருஷக் கடைசியில் லிஸ்ட் பேப்பரில் வந்தது. நாலாவது கொடி முதல் இடத்துக்கு வந்திருந்தது. என் மார்க்கினால் இல்லை, எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை என் மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். எதிர்க் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. வைத்துவிட்டேன்.

போன வாரம் பேத்திக்கு ஒரு வயசு. படிக்கட்டில் சர்வே அக்கா ஏறி வந்தாள். கையில் டேப் இல்லை. நானே பேச்சுக் கொடுத்தேன், புது வேலை எப்படி என்று.

"பரவாயில்ல. மாசாமாசம் புதுப் பொண்ணுங்க வருதுங்க. முதல் நாள் உங்க வீட்டு ரெக்கார்டிங்தான் போட்டுக் காட்டச் சொல்லியிருக்காங்க. எப்படிக் கேக்கணும்னு."

"அதையா? ஒவ்வொரு மாசமுமா?"

"ஆமா. உங்க குரல் நல்லா தெளிவா விழுந்திருக்கு. அந்த நாலாவது நாட்டுல, ஏழு ஏழுன்னு வந்துட்டுக் கடைசியில ஆறுன்னு சொல்றீங்கல்ல, அங்க வந்தா பொண்ணுங்க சிரிச்சிடுதுங்க. ஏன் மேடம் அது மட்டும் ஆறுன்னு கேக்குதுங்க."

"நீ என்ன சொல்லுவே?"

சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"நியாயமான மனுஷர்னு சொல்லுவேன், சார்."